முள்ளியவளையில் ஆறு சனிக்கிழமைகள்: ஓர் எழுத்துப் பயிற்சி வகுப்பின் மதிப்புரை

கடந்த பங்குனியிலும் சித்திரையிலும், முள்ளியவளைக்கு அண்மையிலுள்ள ஒரு சனசமூக நிலைய மண்டபத்தில் ஆறு சனிக்கிழமைகள் நடைபெற்ற எழுத்துப் பயிற்சி வகுப்பில் நான் கலந்துகொண்டேன். கதைக்கும் கவிதைக்கும் அங்கே இடமில்லை. அனுபவக் கட்டுரை, ஊர் வரலாறு, ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பு, தொழில் பற்றிய பதிவு என நடந்ததை நடந்தபடி எழுத விரும்புகிறவர்களுக்காக ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் அதை நடத்துகிறார். கட்டணம் 4,500 ரூபாய். அதற்குள் ஒரு சீ.ஆர். கொப்பியும் இரு வேளைத் தேநீரும் அடங்கும். மதியச் சாப்பாட்டை நாமே கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் – முல்லைத்தீவு வீதியால் பஸ்ஸில் போய்வந்த செலவையும் சேர்த்துப் பார்த்தாலும், அந்தப் பணத்துக்கு இதைவிடப் பயனுள்ள எதையும் நான் அண்மையில் பெறவில்லை. குறைகளும் இருந்தன, அவற்றைப் பின்னால் எழுதுகிறேன்.

இந்த வகுப்பின் அருமையை உணர்வதற்கு, முன்பு இணையவழியில் சேர்ந்த வேறொரு பயிற்சியும் எனக்கு உதவியது என்றே சொல்ல வேண்டும். இதைப் போல மூன்று மடங்கு கட்டணம் வாங்கிக்கொண்டு, பொன்மொழிகள் நூறு அடங்கிய ஒரு பட்டியலை அனுப்பி, கட்டுரையை அவற்றுள் ஒன்றோடு தொடங்கி இன்னொன்றோடு முடிக்குமாறு அங்கே சொல்லித் தந்தார்கள். நானும் அப்படியே எட்டுக் கட்டுரைகள் எழுதினேன். இன்று அவற்றை எடுத்து வாசிக்கும்போது, ஒரு மேற்கோளுக்கும் அடுத்த மேற்கோளுக்கும் இடையில் நான் எங்கே இருக்கிறேன், எனது ஊர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. மூத்தோர் வாக்கு எழுத்துக்கு உரம் என்பதில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை. ஆனால் அன்று நான் உரத்தை வரம்பில் கொட்டிவிட்டு, வயலில் பயிர் ஏன் மஞ்சளாக நிற்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

முள்ளியவளை வகுப்பில் சேரும்போதே ஒவ்வொருவரும் ஒரு பக்கக் கட்டுரை கொடுக்க வேண்டும். எனது கட்டுரை வன்னிக் கமக்காரரைப் பற்றியது. “ஆடிப்பட்டம் தேடி விதை” என்ற பழமொழியோடு அதைத் தொடங்கியிருந்தேன். ஆசிரியர் அதை வாசித்தார். சரியென்றோ பிழையென்றோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. (நாங்கள் எல்லோரும் அவரைச் சேர் என்றே அழைத்தோம், தமது பெயர் எங்கும் எழுதப்படுவதை அவர் விரும்பவில்லை.) பங்கேற்ற பதினான்கு பேருக்கும் சுற்றுவட்டாரத்து முதியவர்களில் ஒவ்வொருவரை ஒதுக்கியபோது, முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் பல காலம் கமம் செய்த குடும்பத்தைச் சேர்ந்த, எண்பது வயதை எட்டுகின்ற ஓர் ஆச்சியிடம் என்னை அனுப்பினார். பேனை, கொப்பி, போன் ஆகிய மூன்றையும் மண்டபத்து மேசையில் வைத்துவிட்டு, அவரோடு ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வர வேண்டும் என்பதே முதல் நாள் வேலை.

பலர் முணுமுணுத்தார்கள், நானும் முணுமுணுத்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் முழுப் பேச்சும் பதிவாகிவிடும் காலத்தில், வெறுங்கையோடு போவது வேண்டாத தண்டனை போலப் பட்டது. ஆச்சி முற்றத்து வேப்பமரத்தின் கீழ் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். நான் கேட்பதற்கு ஆயத்தமாக்கிய கேள்விகளில் ஒன்றையேனும் கேட்பதற்கு முன்னர், அவர் என்னைக் கேட்கத் தொடங்கினார்: எவடம், ஆருடைய பிள்ளை, அம்மம்மா எந்த ஊர், அப்பா எங்கே, எந்தப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாய். அரை மணித்தியாலத்துக்கு மேல் அது நீடித்தது. நானும் ஒரு கை இலையை எடுத்து உருவத் தொடங்கிய பிறகுதான் அவர் தமது கதைக்கு வந்தார். போன் கையில் இருந்திருந்தால், அந்த முதல் அரை மணித்தியாலத்தை வீண் பேச்சென்று எண்ணிப் பதிவிலிருந்து வெட்டியிருப்பேன் என்பது உறுதி. இவளுக்குச் சொல்லலாமா, எவ்வளவு சொல்லலாம் என்பதை அவர் அந்த நேரத்தில்தான் தீர்மானித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மூன்றாவது சனிக்கிழமைதான் விளங்கியது. எழுதுகிறவர் முதலில் கேள்விக்கு உட்பட வேண்டும் என்ற இந்த ஒழுங்கை, எந்தப் பயிற்சிக் குறிப்பிலும் நான் அதுவரை கண்டதில்லை.

இரண்டாவது வாரம், எழுதிய கட்டுரையை அவரவர் முதியவரிடமே வாசித்துக் காட்டுமாறு சேர் பணித்தார். நான் முதல் வசனத்தை வாசித்து முடிக்கவில்லை.

“ஆடியிலை ஆர் பிள்ளை இஞ்ச விதைக்கிறது? ஆடி, ஆவணி எண்டால் சிறுபோகம் வெட்டுற காலமெல்லே. காலபோகத்துக்குப் புரட்டாதி, ஐப்பசியிலை மழையைப் பாத்துத்தான் விதைப்பம்.”

தமிழகத்து மழைக்கும் ஆற்றுநீருக்கும் பொருந்திப் பிறந்த ஒரு வாக்கை, வடகீழ்ப் பருவமழையையும் குளத்தையும் நம்பி வாழும் மண்ணின் மேல், பாடப்புத்தகத்தில் படித்த பழக்கத்தால் தூக்கி வைத்திருக்கிறேன். வயல் வெளிகளுக்கு நடுவில் வளர்ந்த நான், ஆடி மாதத்தில் எங்கள் பக்கத்து வயல்களில் அறுவடை இயந்திரம் ஓடுவதை ஆண்டுதோறும் கண்ணால் கண்ட நான், அதை எழுதினேன் என்பது எனக்கு மிகுந்த வெட்கத்தைத் தந்தது. அப்படியானால் இங்கே விதைப்புக்கு என்ன பழமொழி என்று கேட்டேன். ஆச்சி பழமொழி எதுவும் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். ஏக்கருக்கு இரண்டு புசல் விதைநெல், அதாவது நாற்பது கிலோவுக்குச் சற்று மேல், எப்படி ஊறவைத்து முளைகட்டி எடுத்தார்கள், துருசு எனப்படும் குளத்து மதகைத் திறக்கும் நாளைத் தீர்மானிக்க, நீர்ப்பங்கீட்டைப் பார்க்கும் வட்டவிதானை கமக்காரரை எப்படிக் கூட்டினார், கடைவாய்க்காலில் காணி வைத்திருந்தவர்கள் தண்ணீருக்காக இரவில் ரோச் லைற்றோடு எப்படிக் காவல் இருந்தார்கள் என்று தொடர்ந்து சொல்லிக்கொண்டு வந்தவர், இடையில் ஒரு வசனம் சொன்னார்: “குளம் வான் பாஞ்சால் மனுசருக்கை சண்டை இல்லை.” (குளம் நிரம்பி நீர் வழிந்தோடுவதைத்தான் வான் பாய்வது என்போம்.)

அந்த வசனத்தை வகுப்பில் சொன்னபோது, அதைக் கட்டுரையின் தலைப்பாக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். சேர் ஒப்புக்கொள்ளவில்லை. எந்த ஆண்டு குளம் வான் பாயவில்லை, அந்த ஆண்டு யாருக்கும் யாருக்கும் சண்டை வந்தது, அது எப்படித் தீர்ந்தது என்று கேட்டு வருமாறு என்னைத் திருப்பி அனுப்பினார். முதியவர் ஒருவர் ஒரு வாக்கைச் சொல்லும்போது, அவர் நீண்ட காலம் பட்ட ஒன்றைச் சுருட்டி நமது கையில் தருகிறார் என்றும், அதை விரித்துப் பார்க்காமல் அப்படியே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போகிறவர் எழுத்தாளராக முடியாது என்றும் சேர் அன்று சொன்னார். விரித்தேன். ஒரு மடைவாய்க்கால், இரண்டு சகோதரர்கள், உடைக்கப்பட்ட ஒரு வரம்பு, ஏழு ஆண்டுகள் பேசாமல் இருந்தவர்கள் ஒரு செத்தவீட்டில் பேசிய முதற்சொல் என ஐந்து பக்கம் வந்தது. அந்த ஐந்து பக்கத்துக்குப் பிறகு மேற்படி வசனத்தைக் கட்டுரையில் வைப்பதற்குத் தேவையே இருக்கவில்லை. இருந்தாலும் ஆச்சியின் குரலுக்காக, நடுவில் ஓரிடத்தில் வைத்திருக்கிறேன்.

சொன்ன சொல்லைச் சொன்னபடியே கொண்டுவர வேண்டும் என்பதில் சேர் மிகவும் கண்டிப்பானவர். இதில் என்னைவிட அதிகம் பயன்பெற்றவர் சிலாவத்தையிலிருந்து வந்த ஒரு தம்பி. கரைவலை இழுத்த ஒரு பெரியவரைப் பற்றி அவர் எழுதிய முதற் கட்டுரையில் “காற்று பலமாக வீசியது” என்று ஒரு வரி இருந்தது. பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, “காத்தின்ர பேர் தெரியாமல் கடலைப் பற்றி எழுதாதை தம்பி” என்று சொல்லி எழும்பிப் போய்விட்டாராம். அடுத்த வாரம் வெற்றிலையோடு போய்ச் சமாதானம் செய்த பிறகு, வாடை, சோழகம், கொண்டல், கச்சான் ஆகிய நான்கையும் கரையில் நிறுத்தி வைத்து, எது எத்திசையிலிருந்து வருகிறது, எதற்கு வலை போடலாம், எதற்கு வள்ளத்தைக் கரையேற்ற வேண்டும் என்று விளங்கப்படுத்தியிருக்கிறார். இரண்டாவது வரைவில் அதே வரி “வாடை விழுந்து மூன்றாம் நாள்” என்று மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றத்தால் கட்டுரைக்குள் காலமும் திசையும் ஆபத்தும் ஒன்றாக வந்து சேர்ந்தன. வாசித்துக் கேட்டபோது மண்டபத்தில் ஒருவரும் அசையவில்லை.

நான்காவது சனிக்கிழமை சரிபார்த்தலுக்குரியது; இந்த வகுப்பின் ஆகச் சிறந்த நாள் என்று நான் கருதுவது அதையே. அன்புள்ளவர்கள் சொல்வதை ஐயத்தோடு பார்ப்பது மரியாதைக் குறைவு என்று எங்களில் பலர் நினைத்திருந்தோம். ஆச்சி தமது கலியாணம் “புயலடிச்சு அடுத்த வைகாசியிலை” நடந்ததென்று சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த பெரும்புயல் 1978 கார்த்திகையில் மட்டக்களப்பைத் தாக்கியது. ஆகவே கலியாணம் 1979 என்று எழுதிவிட்டேன். சேர் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, ஆச்சியின் மூத்த மகனுக்கு இப்போது என்ன வயது என்று கேட்டார். அறுபதை நெருங்குகிறது என்றேன். சொல்லி முடிக்கும்போதே பிழை விளங்கிவிட்டது. ஆச்சி சொன்ன புயல் 1964 மார்கழியில் இலங்கையின் வடபகுதியைக் கடந்து, தனுஷ்கோடியையும் அழித்துவிட்டுப் போன புயல், கலியாணம் 1965. ஆச்சியின் நினைவு துல்லியமாகவே இருந்தது. அதற்கு ஆண்டு எண் ஒட்டியவள் நான். 2005 இல் தொடங்கப்பட்ட நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் பழைய பத்திரிகைகளையும் மலர்களையும் தேடும் முறையை அன்று பிற்பகல் சேர் காட்டித் தந்தார். இடப்பெயர்வுகளில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் கலியாணப் படமும் தொலைந்துபோன குடும்பங்கள் நிறைந்த எங்கள் பிரதேசத்தில், புயலையும் வெள்ளத்தையும் பிள்ளை பிறந்த மாதத்தையும் வைத்து ஆண்டைக் கணக்கிடும் இந்த முறையை எழுதுகிற ஒவ்வொருவரும் கற்றிருக்க வேண்டும் என்று நான் உளமார நம்புகிறேன்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலைப் பற்றி எழுதிய ஓர் அக்காவின் கட்டுரையையும் அன்று எடுத்துப் பார்த்தோம். கடல்நீரில் விளக்கெரியும் அற்புதத்தைப் பற்றி இரண்டு பக்கம் உருகி எழுதியிருந்தார். அந்த நீர் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் எடுக்கப்பட்டு, முதலில் முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்கு வருவதும், அங்கே விளக்கேற்றப்படுவதும் அதில் இல்லை. தீர்த்தம் எடுத்தவர்கள் வரும் வழியில் தமது தாயார் எங்கே நிற்பார், கையில் என்ன வைத்திருப்பார் என்று எழுதுமாறு சேர் அவரைக் கேட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

ஐந்தாவது வாரத்தைப் பற்றி எழுதும்போது நான் அவதானமாக இருக்க வேண்டும். வன்னியில் எந்த முதியவரோடும் நெடுநேரம் இருந்தால், பேச்சு 2009 இல் போய் நிற்கும். இழப்பைப் பற்றி நாமாகக் கேட்கக் கூடாது, அவர்களாகச் சொன்னால் பேனையைக் கீழே வைத்துவிட வேண்டும், சொன்னதை எழுதலாமா என்று வேறொரு நாளில் தனியாகக் கேட்க வேண்டும் என்பன வகுப்பின் விதிகள். ஆச்சி ஒரு பிற்பகல் புதுக்குடியிருப்புக்கு அப்பால் நடந்த ஒன்றைச் சொன்னார். நான் எழுதவில்லை. அடுத்த சனிக்கிழமை கேட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்றுவரை சொல்லவில்லை, ஆகவே அது என்னிடம் கட்டுரையாக இல்லை. அன்று அவரோடு சேர்ந்து அழுதுவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு, அதே கொப்பியில் நான் எழுதிய விதைப்புக் கட்டுரையின் ஒவ்வொரு வசனமும் மாறியது. எதைச் சொல்லாமல் இருக்கிறார் என்று தெரிந்த பின்னர், அவர் சொல்லுகிற நெல்லும் மாடும் வாய்க்காலும் எனக்கு வேறு கனத்தோடு கேட்டன. அந்தக் கனம் வாசிக்கிறவருக்கும் போய்ச் சேருகிறது என்று, கட்டுரையை வாசித்த இரண்டு பேர் சொன்னார்கள்.

இனிக் குறைகள். பதினான்கு பேருக்கு ஒரு பயிற்றுநர் போதாது. முதல் நான்கு வாரங்கள் நிதானமாகச் சென்ற வகுப்பு, கடைசி இரண்டு வாரங்களில் ஓடத் தொடங்கியது. எனது இறுதி வரைவுக்கு மூன்று வரி எழுத்துக் குறிப்பு மட்டுமே கிடைத்தது, சிலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. எட்டுப் பேர், எட்டு வாரம் என்று மாற்றினால் கட்டணத்தை உயர்த்தினாலும் நான் மறுபடி சேருவேன். கட்டுரையைச் செப்பனிடுவது, பத்திரிகைக்கு அனுப்புவது பற்றி ஒரு வார்த்தையும் பேசப்படவில்லை. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் பிற்பகல் இரண்டு மணிக்கு யாராலும் எழுத முடியாது; காலை ஏழரைக்குத் தொடங்கி மதியத்தோடு முடிக்கலாம். அப்படி முடித்தால், மாலை பஸ்ஸைப் பிடிக்க வகுப்பின் நடுவில் எழும்பி ஓட வேண்டிய நிலையும் என்னைப் போன்ற தூரத்துப் பெண்களுக்கு இருக்காது. காலபோக அறுவடை முடிந்து முதியவர்கள் ஓய்வாக இருக்கும் பங்குனியைத் தெரிவு செய்ததை மட்டும் மாற்ற வேண்டாம்.

எனக்கு மனத்தில் உறுத்தலாகவே இருக்கும் குறை வேறொன்று. நாங்கள் கட்டிய கட்டணத்தில் அந்தப் பதினான்கு முதியவர்களுக்கும் எதுவும் போகவில்லை. ஆறு வாரமும் எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தவர்கள் அவர்கள். சீனி விற்கும் விலையில் அது சிறிய செலவன்று. பணமாகக் கொடுப்பது அவர்களை நோகச் செய்யும் என்று சேர் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். எனினும் தேயிலை, சீனி, வெற்றிலை, ஒரு நல்ல சேலையோ சாரமோ என்று கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, வகுப்பின் பெயரால் கொண்டுபோய்க் கொடுப்பதை ஒழுங்காக்கலாம். எழுதி முடித்த கட்டுரையின் ஒரு பிரதியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அவர்கள் வீட்டில் கொடுப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். இந்த இரண்டையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். அடுத்த பங்குனி வகுப்பில் செய்வதாகச் சேர் சொல்லியிருக்கிறார்.

யாருக்கு இந்த வகுப்பு பொருந்தும் என்றால், ஊர் மலருக்கோ நினைவு மலருக்கோ எழுதக் கேட்கப்பட்டு எங்கே தொடங்குவதென்று தெரியாமல் இருப்பவர்களுக்கும், பல்கலைக்கழகத்து ஆய்வுக்காகக் கிராமங்களுக்குப் போகும் மாணவர்களுக்கும், தமது வீட்டிலேயே ஓர் அப்புவையோ ஆச்சியையோ வைத்துக்கொண்டு ஒரு நாளும் உட்கார்ந்து கேட்காதவர்களுக்கும் பொருந்தும். மொழிநடையும் அணியும் கற்க விரும்புகிறவர்கள் வேறிடம் பார்ப்பது நல்லது. நெடுநேரம் பொறுமையாக இருக்க முடியாதவர்கள் முதல் நாளே சோர்ந்துபோவார்கள். எங்களோடு தொடங்கியவர்களில் இரண்டு பேர் இரண்டாவது வாரம் வரவில்லை.

வகுப்பு முடிந்த பிறகும் சனிக்கிழமைகளில் நான் முள்ளியவளைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சென்ற வாரம் கட்டுரையின் மூன்றாவது வரைவை ஆச்சிக்கு முழுமையாக வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சகோதரர்களுடைய சண்டை வருமிடத்தில் ஒரு பெயரை எடுத்துவிடச் சொன்னார்; அவர்களுடைய பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். எடுத்துவிட்டேன். 1964 புயலன்று கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி மூன்றாம் நாள் தானாகத் திரும்பி வந்த எருதைப் பற்றிய பந்தியை இரண்டு தடவை வாசிக்கக் கேட்டார். பிறகு, அதன் நிறம் நான் எழுதியிருப்பது போலச் சிவலை இல்லை, மயிலை என்று திருத்தினார்.